தீபாவளித் துணியை எங்கே எடுப்பது: பழைய கடையா, ஈப்போவா, கைபேசியா, தையலா?

“ரெண்டு தடவ தொவச்சதுக்கே காலர் கொப்பளிச்சுப் போச்சு.” “போன வருசம் தொங்குன அதே டிசைன்தான் இந்த வருசமும் தொங்குது.” “வெல ஏறிக்கிட்டே இருக்கு, துணி மட்டும் எளச்சுக்கிட்டே போகுது.” மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் சம்பளம் போட்ட வாரம் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. எல்பில், ஹீவுட், காமுனிங் தோட்டங்கள் பக்கமிருந்து வரும் குடும்பங்களுக்குத் துணிக்கடை என்றால் பெரும்பாலும் ஒரே கடைதான். காதுகுத்துக்கும் அங்கே, கல்யாணத்துக்கும் அங்கே. அந்தக் கடையின் சரக்கு தரம் இறங்கியதும் எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறார்கள். பக்கத்துப் பெரிய ஊரான ஈப்போவுக்குப் போவதா, கைபேசியில் ஷாப்பி இணையக் கடையில் வாங்குவதா, துணி எடுத்துத் தைத்துக்கொள்வதா, இல்லை கண்ணை மூடிக்கொண்டு அதே கடையிலேயே எடுப்பதா?

கடையை மாற்றும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கெட்டுப்போனது துணியா, தையலா, பாணியா? தையல் மட்டும் மோசம் என்றால் பக்கத்துத் தையல் அக்காவிடம் சில வெள்ளியில் (ரிங்கிட்) சரிசெய்துவிடலாம். அதற்காக 30 கிலோமீட்டர் போகத் தேவையில்லை. பாணி மட்டும் பழசு என்றால் ஊர் மாறிப் போவதில் பலன் உண்டு. துணியே கெட்டுவிட்டது என்றால் எந்தத் தையல்காரராலும் அதைக் காப்பாற்ற முடியாது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு கடை மாறுகிறவர்கள், புதுக் கடையிலும் அதே குறையைக் கூடுதல் விலைக்கு வாங்கி வருகிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

### துணி

விலையை ஏற்றாமல் லாபத்தைக் காக்க உற்பத்தியாளர் முதலில் கை வைப்பது துணியின் எடையில்தான். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை ஜி.எஸ்.எம். என்பார்கள். 180 ஜி.எஸ்.எம். டீ-சட்டை கையில் கனமாக நிற்கும். 140 என்றால் உள்ளே கை விட்டால் விரல் நிழல் தெரியும். கடையில் கண்ணை நம்ப முடியவில்லை என்றால் வீட்டில் சோதிக்கலாம். நன்றாக உழைத்த பழைய சட்டையையும் அதே அளவுப் புதுச் சட்டையையும் சமையலறைத் தராசில் வையுங்கள். 30, 40 கிராம் குறைந்தால் உங்கள் சந்தேகம் சரிதான்.

அடுத்தது கலப்படம். ‘காட்டன்’ என்று சீட்டு ஒட்டியிருக்கும், துணி பாலியெஸ்டராக இருக்கும். தோட்டத்து வெயிலில் பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க நூலை எரித்துப் பார்ப்பது பழைய வழி. ஆனால் பலர் தையல் நூலை உருவி எரித்து ஏமாறுகிறார்கள். தையல் நூல் பருத்திச் சட்டையிலும் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். உள்மடிப்பில் பிசிறி நிற்கும் துணியின் நூலையே உருவ வேண்டும். அதுவும் நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று. பாவு பருத்தியாகவும் ஊடை பாலியெஸ்டராகவும் நெய்த துணி நிறைய வருகிறது. சாமணத்தில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்து எரியுங்கள்.

பருத்தி தாள் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாக நிற்கும். பட்டு, முடி பொசுங்கும் வாடை அடிக்கும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். தாள் போல எரிந்தும் சாம்பலுக்குள் கெட்டி மணி தட்டுப்பட்டால் கலப்புத் துணி. ரேயானும் பருத்தி போலவே எரியும் என்பதால் அதற்கு வேறு சோதனை: நூலை நனைத்து இழுங்கள். ரேயான் நனைந்தால் வலுவிழந்து பட்டென்று அறும், பருத்தி தாங்கும்.

சாயத்துக்கு ஒரு வெள்ளைக் கைக்குட்டை போதும். ஓர் ஓரத்தை நனைத்துத் துணியின் உள்பக்கத்தில் பத்து முறை தேயுங்கள். சிவப்பு, அரக்கு, கருநீலம், கறுப்பு இந்த நான்கிலும் கட்டாயம் செய்ய வேண்டியது. கைக்குட்டையில் நிறம் ஏறினால் அது வியர்வையிலும் ஏறும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். இன்றைய சாயங்களுக்கு அது பலிக்காது. முதல் நாலைந்து சலவையைத் தனியாக, குளிர்ந்த தண்ணீரில் போடுவது ஒன்றே வழி.

### தையல்

உடுப்பை உள்புறம் திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பக்கத் தையலில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுங்கள். 10 முதல் 12 இருந்தால் நல்ல சட்டை. 7, 8 என்றால் அவசரத்தில் ஓட்டியது. உட்கார்ந்து எழும்போது அக்குளிலும் பின்பக்கத்திலும் முதலில் விடும்.

ஜிப்பாவின் கீழ் மடிப்பைக் கவனியுங்கள். மேல்பக்கம் நேர்த்தையல் போலத் தெரியும். உள்பக்கம் ஒன்றுக்குள் ஒன்று கோத்த சங்கிலி போல இருந்தால் அது சங்கிலித் தையல். அதன் நூல் முனை எங்காவது முடிச்சில்லாமல் தொங்கினால், அந்த முனையைச் சரியான பக்கம் இழுத்த மாத்திரத்தில் மடிப்பு முழுக்கச் சரசரவென்று அவிழ்ந்து வரும். கோயில் படியில் செருப்பு நுனி மாட்டினால் போதும். வாங்கியதும் அந்த முனையை ஊசியில் கோத்து இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது. சட்டைப் பொத்தான்களுக்கும் இதே வைத்தியம்தான்.

காலர் கொப்பளிப்பதுதான் அதிகம் கேட்கும் புகார். காலருக்குள் விறைப்புக்காக வைக்கும் கான்வாஸில் பசை தடவியிருக்கும். சூடு, அழுத்தம், நேரம் மூன்றும் சரியாக அமைந்தால்தான் அது துணியோடு ஒட்டும். தொழிற்சாலையில் நேரத்தை மிச்சம் பிடித்தாலோ, கான்வாஸும் துணியும் வேறு வேறு அளவில் சுருங்கினாலோ, சலவையில் பசை விட்டுக் குமிழ் கிளம்பும். கடையிலேயே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காலரைப் பிடித்து உருட்டிப் பாருங்கள். இரண்டு அடுக்கு தனித்தனியாக நழுவினால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஏற்கெனவே குமிழ் விட்ட சட்டைக்கு ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை நகர்த்தாமல் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தினால் கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி கிளம்பும்.

டீ-சட்டை தொவைத்ததும் பக்கத் தையல் வயிற்றுக்கு முன்னால் திருகிக்கொண்டு வருவது தையல்காரர் குற்றமில்லை. நூலின் முறுக்கு அடங்காமலேயே பின்னி வெட்டிய துணி அது. தோளைச் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டால் பக்கத் தையல் நேர்க்கோட்டில் இறங்க வேண்டும். கடையிலேயே கோணினால் வீட்டில் இன்னும் கோணும்.

### அளவும் பாணியும்

எம், எல், எக்ஸ்எல் எழுத்துகளை மறந்துவிடுங்கள். உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ஓர் உடுப்பைத் தட்டையாக விரித்து, அக்குளிலிருந்து அக்குளுக்கு, தோள், உயரம், கை நீளம், இடுப்பு என ஐந்து அளவை எழுதி வையுங்கள். ஆண் சட்டைக்கு உடம்பின் மார்பளவைவிட நான்கு அங்குலமாவது தளர்வு வேண்டும். இந்தச் சீட்டு கைபேசியில் இருந்தால் எந்தக் கடையிலும் வேலை பாதியாகக் குறையும்.

### முழுச் செலவும் மாற்றும் வழியும்

விலைச் சீட்டோடு செலவு முடிவதில்லை. கார் எண்ணெய், சாப்பாடு, தபால், வரி, அளவு குறைப்பது, லைனிங் எல்லாம் அதற்கு மேல்தான் வருகின்றன. அதோடு, பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுக்க எத்தனை பாடு என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

## பழைய கடையிலேயே தொடர்வது

இதை யாரும் நேர்மையாக எடை போடுவதில்லை, கோபத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். பழைய கடையிடம் மற்ற எவரிடமும் இல்லாத இரண்டு வசதி உண்டு. ஒன்று, “அண்ணே, பையனுக்குச் சின்னதா இருக்கு” என்று மறுநாளே கொண்டுபோய் மாற்றலாம். இரண்டு, பாதிப் பணம் கட்டி எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த சம்பளத்தில் மீதியைக் கொடுக்கலாம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆகியிருக்கும் காலத்திலும், நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே மாதத்தில் எல்லாருக்கும் எடுப்பது லேசான காரியமில்லை.

சரக்கு ஏன் பழசாகத் தெரிகிறது? சிறு பட்டணக் கடை மொத்த வியாபாரியிடம் ஒவ்வோர் அளவிலும் இத்தனை என்று செட்டாக வாங்கும். செட்டில் ஓடாத அளவுகள் தேங்கிவிடும். அடுத்த வருடம் அவையே முன்வரிசைக்கு வரும். அதனால் அந்தக் கடையில் புதுப் பாணி எதிர்பார்ப்பதே வீண். பாணி முக்கியமில்லாத உடுப்புகளை அங்கே எடுப்பதில் நட்டமில்லை: பள்ளிச் சீருடை, வெள்ளை வேட்டி, உள்பாவாடை, துண்டு, கைலி, வேலைக்குப் போட்டுத் தள்ளும் சட்டை.

பள்ளிச் சீருடை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் நூறு விழுக்காடு பருத்தி கேட்டு அலையாதீர்கள். பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணியே நல்லது. மழைக்காலத்தில் இரவு தொவைத்தால் காலையில் காய்ந்திருக்கும், இஸ்திரியும் அதிகம் வேண்டாம். தொடக்கப்பள்ளிப் பையனின் நீலக் காற்சட்டையிலும் இடைநிலைப் பள்ளியின் பச்சைக் காற்சட்டையிலும் கீழ் மடிப்பு மூன்று அங்குலம் இருக்கிறதா, இடுப்பின் பின்தையலில் விட்டுக்கொடுக்கத் துணி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் ஒரு காற்சட்டை அடுத்த வருடமும் ஓடும்.

மறைந்திருக்கும் செலவு: அளவு குறைக்க, மடிப்பு இறக்க, பொத்தான் பலப்படுத்த உடுப்புக்கு ஐந்து, பத்து வெள்ளி தையல் கூலி. தள்ளுபடி மேசையில் இருப்பதை எடுத்தால் மாற்றித் தர மாட்டார்கள். அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைப் பார்த்து மிரள வேண்டாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். அந்த உரிமையை ஒரு பலகை பறிக்க முடியாது. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பதற்குச் சட்டம் துணை வராது. குறையுள்ள பொருளுக்கு மட்டுமே வரும்.

## ஈப்போவுக்கோ பினாங்குக்கோ போவது

ஈப்போ லிட்டில் இந்தியாவுக்கு, ஜாலான் லாஹாட் பக்கம், பழைய சாலையிலேயே போனால் டோல் இல்லை. போக வர சுமார் 60 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு ஏழரை லிட்டர் குடிக்கும் காருக்கு நாலரை லிட்டர் பிடிக்கும். அரசு மானியப் பெட்ரோலான பூடி95 விலை லிட்டருக்கு 1.99 வெள்ளி என்று வைத்தால் 9 வெள்ளிக்குள். எண்ணெய் பெரிய செலவில்லை. நான்கு பேர் மத்தியானம் சாப்பிட்டு, பிள்ளைகள் கேட்டதை வாங்கிக் கொடுத்து, கார் நிறுத்தக் கட்டணமும் கட்டினால் அந்த ஒரு நாள் 70, 80 வெள்ளியை விழுங்கும். ஓர் உடுப்புக்குப் பத்து வெள்ளி மிச்சம் என்று கணக்குப் போட்டால் எட்டு உடுப்பு எடுத்த பிறகுதான் பயணம் கட்டுபடியாகும். இரண்டே சட்டைக்காகப் போவது சுற்றுலா. அதைத் துணிக்கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பாணிக்கும் தேர்வுக்கும் ஈப்போவே போதும். பினாங்கு ஜார்ஜ்டவுன் லெபோ பாசார் கடைகள் சுமார் 130 கிலோமீட்டர். நெடுஞ்சாலை டோல், பாலத்து டோல் இரண்டும் சேரும். கல்யாணத்துக்குப் பத்துப் பதினைந்து சேலை ஒன்றாக எடுக்கிறவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

பெரிய ஊரில் ஏமாறுவது சேலையில்தான். ‘ஆர்ட் சில்க்’ என்பதில் உள்ள ‘ஆர்ட்’ கலையைக் குறிப்பதில்லை. செயற்கை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வெட்டிச் சுருக்கியது. ‘செமி சில்க்’, ‘சாஃப்ட் சில்க்’ என்பவையும் தூய பட்டுக்கு உத்தரவாதம் தரும் பெயர்கள் அல்ல. இந்தியாவிலிருந்து வரும் தூய பட்டில் ‘சில்க் மார்க்’ முத்திரைச் சீட்டு இருக்கலாம். இந்திய மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் தொடங்கிய முத்திரை அது. சேலையைத் திருப்பிப் பாருங்கள். நெய்த பூ என்றால் பின்பக்கம் நூல் ஓடியிருக்கும் அல்லது வெட்டிவிட்ட நுனிகள் தெரியும். அச்சடித்தது என்றால் பின்பக்கம் மங்கலாக, மழுங்கலாக இருக்கும்.

நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். சேலை ஐந்தரை மீட்டர், ஜாக்கெட் துணி 80 சென்டிமீட்டர், ஆக 6.3 மீட்டர். மலிவுச் சேலைகளில் ஜாக்கெட் துணியைச் சேர்த்தே ஐந்தரை என்று வருவதுண்டு. கொஞ்சம் உடம்பு உள்ளவர்கள் கட்டினால் மடிப்பு நான்கோடு நின்றுவிடும். பட்டு விலை ஏறியிருப்பதில் வரிக்கும் பங்குண்டு: 2025 ஜூலை 1 முதல் பட்டுத் துணிக்கு 5 விழுக்காடு விற்பனை வரி வந்துவிட்டது.

போகும் நாளைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். தீபாவளிக்கு முந்திய இரண்டு வார இறுதிகளில் போட்டுப் பார்க்கும் அறைக்கே வரிசை நிற்கும். அவசரத்தில் எடுத்ததை மாற்ற இன்னொரு 60 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

## கைபேசியில் வாங்குவது

தோட்டத்துக்குள்ளேயே இருப்பவர்களுக்கு இது பெரிய வரம்தான்; பெரிய உடம்பு, சிறிய உடம்பு உள்ளவர்களுக்கு இன்னும் பெரிய வரம். சிறு கடையில் கிடைக்காத 4எக்ஸ்எல் சுடிதார் இங்கே கிடைக்கும். ஆனால் துணியைத் தொட்டுப் பார்க்க முடியாது, எரித்துப் பார்க்க முடியாது. மேலே சொன்ன சோதனைகளில் அளவுச் சோதனை ஒன்றுதான் மிஞ்சுகிறது. அதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள். விற்பவர் போட்டிருக்கும் சென்டிமீட்டர் அட்டவணையை உங்கள் ஐந்து அளவோடு ஒப்பிடுங்கள். சீனாவிலிருந்து வரும் எக்ஸ்எல் பல நேரம் நம் ஊர் எம் அளவுக்குத்தான் வரும். அட்டவணையே இல்லாத விற்பனையாளரைத் தாண்டிப் போய்விடுங்கள்.

விளம்பரப் படத்தை விட்டுவிட்டு, வாங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். அதிலும் ஐந்து நட்சத்திரத்தை விட்டு மூன்று நட்சத்திரக் கருத்துகளைப் படியுங்கள். ஒரு நட்சத்திரம் கோபத்தில் வருவது. ஐந்து நட்சத்திரம் பல நேரம் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே, தளம் தரும் நாணயப் புள்ளிக்காகப் போட்டது.

வரி: வெளிநாட்டிலிருந்து இணையத்தில் விற்கப்படும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. தபால் கட்டணமும் இதோடு சேரும். 35 வெள்ளி ஜிப்பா 45-ஐத் தொடுவது இப்படித்தான்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது காணொளி எடுங்கள். முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி, வெட்டாமல் ஒரே ஓட்டமாக. போட்டுப் பார்க்கும்வரை ‘பொருள் கிடைத்தது’ பொத்தானை அழுத்தாதீர்கள். அதை அழுத்தும்வரை, அல்லது தளம் தரும் கெடு முடியும்வரை, பணம் தளத்திடம் நிற்கும். அழுத்திய பிறகு விற்பவரிடம் போய்விடும், வாதாடுவது கஷ்டம்.

டிக்டாக், ஃபேஸ்புக் நேரலையில் சேலை விற்கிறவர்களில் நல்லவர்கள் நிறைய உண்டு. ஆனால் “அக்கா, நேரா பேங்க்ல போட்டுருங்க, அஞ்சு வெள்ளி கொறச்சுக்கிறேன்” என்று தளத்துக்கு வெளியே இழுத்தால், அந்த ஐந்து வெள்ளிக்காக உங்களுக்கிருந்த பாதுகாப்பு முழுவதையும் விற்றுவிடுகிறீர்கள். நேரலை விளக்கு வெளிச்சத்தில் மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் ஒரு படம் கேளுங்கள். மோசடி என்று தெரிந்த உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள், அடுத்த நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

இது யாருக்குப் பொருந்தும்? தீபாவளிக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது, அளவு தெரியும், ஒன்று தவறினாலும் சமாளிக்கலாம் என்பவர்களுக்கு. பிள்ளைகளின் டீ-சட்டை, தோடு, வளையல், ஒரே நிறத்தில் குடும்பத்துக்கே எடுக்கும் செட் ஆகியவற்றுக்கு இது நல்லது. பட்டுக்கு வேண்டாம்.

## துணி எடுத்துத் தைப்பது

விலையைப் பார்த்துப் பலர் பின்வாங்கும் வழி இது. கணக்குக்காக ஒன்று போட்டுப் பார்ப்போம். ஆண் முழுக்கைச் சட்டைக்கு 44 அங்குல அகலத் துணி இரண்டே கால் மீட்டர் வேண்டும். மீட்டர் 15 வெள்ளி என்றால் 33.75, கூலி 45 என்றால் மொத்தம் 78.75. கடையில் தைத்த சட்டை 45 வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்த 45 வெள்ளிச் சட்டை பதினைந்து சலவையில் காலர் போய்விட்டால் சலவைக்கு 3 வெள்ளி. தைத்தது அறுபது சலவை தாங்கினால் சலவைக்கு 1 வெள்ளி 30 சென்தான். வருடத்துக்கு மூன்று முறை மட்டும் போடும் பளபளப்பான ஜிப்பாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதைத் தயாராகவே வாங்கலாம். வாரம் ஒருமுறை கோயிலுக்கும் வேலைக்கும் போடும் சட்டைக்குத்தான் தையல் மலிவு. 58 அங்குல அகலத் துணி என்றால் ஒன்றே முக்கால் மீட்டர் போதும். மீட்டர் விலை கூடத் தெரிந்தாலும் மொத்தத்தில் குறையலாம், அகலத்தைக் கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள்.

தைக்கக் கொடுக்கும் முன் துணியை நனைத்துக் காயப்போடுவதைப் பாதிப் பேர் செய்வதில்லை. பருத்தி 5 விழுக்காடு சுருங்கினால் இரண்டரை மீட்டரில் பன்னிரண்டரை சென்டிமீட்டர் போய்விடும். ரேயான் அதைவிடக் கூடவும் சுருங்கும். நனைக்காமல் தைத்த சுடிதார் முதல் சலவையில் முழங்காலுக்கு ஏறுவதற்குத் தையல் அக்காவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அரை மணி நேரம் சாதாரணத் தண்ணீரில் ஊறவிட்டு, பிழியாமல் நிழலில் தொங்கவிட்டு, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டுக் கொடுங்கள். லைனிங் துணியையும் அதே போல நனைக்க வேண்டும். மேல்துணி சுருங்காமல் லைனிங் மட்டும் சுருங்கினால் ஜாக்கெட் உள்ளுக்குள் இழுத்து முதுகில் சுருக்கம் விழும். பட்டுத் துணியை மட்டும் நனைக்க வேண்டாம்.

அக்காவிடம் சொல்ல வேண்டியவை இவைதான். நன்றாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுங்கள். நாடாவில் எடுத்த அளவைவிட அது நம்பகமானது. “அக்கா, ரெண்டு பக்கமும் ஒரு இன்ச் உள்ள விட்டுத் தைங்க” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு உடம்பு போட்டாலும் பிரித்துவிடலாம். கை, கழுத்து ஆழம், கொக்கி முன்னாலா பின்னாலா என்பதைத் துண்டுச்சீட்டில் எழுதித் துணியோடு குத்திவிடுங்கள். தீபாவளி நேரத்தில் நாற்பது பை மேசைமேல் இருக்கும்போது யார் நினைவில் எது நிற்கும்? மிச்சத் துணியைக் கேட்டு வாங்குங்கள், பிற்பாடு ஒட்டுப்போட அதுதான் உதவும்.

மறைந்திருக்கும் செலவு இங்கே அதிகம்: லைனிங் ஒரு மீட்டர், கொக்கி, பைப்பிங், கயிறு, குஞ்சம், சேலைக்கு ஃபால்ஸும் ஓரம் அடிப்பதும். கூலி கேட்கும்போது “எல்லாம் சேத்து எவ்வளவுக்கா?” என்று கேட்பதுதான் முறை. ஜாக்கெட் கூலி சேலை விலையைத் தாண்டுவது இப்போது அதிசயமில்லை.

பெரிய தடங்கல் நேரம். நல்ல கை உள்ளவர்கள் தீபாவளிக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்பே புது வேலை எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகும் “கொடுங்க, பாத்துக்கலாம்” என்பவரிடம் கொடுப்பது துணிச்சல்தான்.

## பண்டல் கடையும் பாசார் மாலாமும்

தீபாவளிக்கு யாரும் பழசு எடுப்பதில்லை. ஆனால் வேலைக்குப் போடும் முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ் இரண்டுக்கும், பழைய உடுப்பு விற்கும் பண்டல் கடையை மிஞ்சியது இல்லை. ஜப்பான், கொரியாவிலிருந்து வரும் பழைய சட்டைகளின் துணி, ரப்பர்ப் பால்கறையும் செம்மண்ணும் படும் வேலைக்குப் புது மலிவுச் சட்டையைவிட அதிக நாள் நிற்கும். இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்து விடுங்கள். திரும்பி வராவிட்டால் ரப்பர் செத்துவிட்டது. கால்சந்தி தேய்ந்திருக்கிறதா, ஜிப் மேலே நிற்கிறதா என்று பாருங்கள். போடுமுன் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் தொவைத்து வெயிலில் போட வேண்டும். உள்ளாடை வாங்காதீர்கள்.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் காலுறை, பிள்ளைகளின் வீட்டு உடுப்பு எடுக்கலாம். மஞ்சள் விளக்கில் நிறமும் தெரியாது, அடுத்த வாரம் அதே வியாபாரி அதே இடத்தில் இருப்பாரா என்பதும் தெரியாது. பத்து வெள்ளிக்கு மேல் போகாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | துணியைச் சோதிக்க | பாணி | மறைந்த செலவு | மாற்ற | எதற்கு நல்லது |
|---|---|---|---|---|---|
| பழைய கடை | முடியும் | பழசு | அளவு குறைக்கும் கூலி | எளிது | சீருடை, வேட்டி, வீட்டு உடுப்பு |
| ஈப்போ | முடியும் | புதுசு | சாப்பாடு, ஒரு நாள் பொழுது | இன்னொரு பயணம் | பட்டு, எட்டு உடுப்புக்கு மேல் |
| கைபேசி | முடியாது | மிகப் புதுசு | தபால், 10% வரி | காணொளி இருந்தால் உண்டு | அரிய அளவு, ஒரே நிறச் செட் |
| தையல் | நன்றாக முடியும் | உங்கள் விருப்பம் | லைனிங், கொக்கி, ஃபால்ஸ் | பிரித்துத் திருத்தலாம் | அடிக்கடி போடும் சட்டை, ஜாக்கெட் |
| பண்டல் | முடியும் | கிடைத்தது | நேரம், சலவை | இல்லை | தோட்ட வேலை |

## தேதிக் கணக்கு

2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பள்ளித் தவணை மறுபடி ஜனவரிக்கு வந்துவிட்டதால் தீபாவளித் துணிக்கும் சீருடைக்கும் இடையில் இரண்டே மாதம். கல்வி அமைச்சின் 150 வெள்ளி பள்ளித் தொடக்க உதவியில் காலணியும் பையும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் சீருடைக்கான பணத்தைத் தீபாவளிப் பணத்திலிருந்து முதலிலேயே பிரித்து வையுங்கள்.

தைப்பது என்றால் துணி ஆகஸ்ட் கடைசிக்குள் கையில் இருக்க வேண்டும். நனைத்து, காயவைத்து, செப்டம்பர் நடுவுக்குள் அக்காவிடம் போய்விட வேண்டும். கைபேசியில் என்றால் செப்டம்பரிலேயே வாங்கினால் ஒருமுறை மாற்ற நேரம் கிடைக்கும். ஈப்போவுக்கு அக்டோபர் முதல் வாரம், அதுவும் சம்பளத்துக்கு முந்திய வாரம் போனால் கூட்டம் குறைவு. பழைய கடைக்குக் கடைசி வாரமும் போகலாம். அப்போது விலையும் கொஞ்சம் இறங்கும், அளவுகள்தான் உடைந்திருக்கும்.

800 வெள்ளி பட்டுச் சேலை சாயம் விட்டுக் கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பில் இல்லாமல் அங்கே போவது வீண் அலைச்சல். அச்சடித்த பில்லின் எழுத்து நாளாவட்டத்தில் வெளுத்துவிடும் என்பதால் வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.

பழைய கடையில் எடுத்த சட்டைக்குக் காலர் கொப்பளித்திருந்தால், அதைத் தூக்கிப் போடாமல் பில்லோடு கொண்டுபோய் முதலாளியிடமே காட்டுங்கள். தீபாவளி நெருக்கத்தில் வேண்டாம், அப்போது அவருக்குக் காது கேட்காது. அடுத்த சரக்குக்கு அவர் சொல்லிவைக்கும் முன்பே, வருடத்தின் நடுவில், கடை காலியாக இருக்கும் ஒரு மத்தியானமாகப் பார்த்துப் போங்கள். “அண்ணே, இந்த மேக் வேண்டாம், போன வருசத்துக்கு முந்தின வருசம் போட்டீங்களே, அந்தத் துணியக் கேட்டுப் பாருங்க” என்று பெயரைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். கழுத்துச் சீட்டில் உள்ள பெயரையும் அளவையும் அவர் குறித்துக்கொள்ளும்வரை நின்று பாருங்கள்.